பொத்தானை விடுங்கோ, தலைவர்

நட்ட கம்பு மறுபடியும் சாய்ந்தது. இம்முறை விமலநாதனின் தோளில்.

"சனியன் பிடிச்ச கம்பு," என்றார். வாயிலிருந்து வந்த ஆவி மீசையில் ஏறி அங்கேயே உறைந்தது.

பூச்சியத்துக்குக் கீழே இருபத்தேழு பாகை. தேவையில்லாமல் வெளியே போகவேண்டாம் என்று காலையிலேயே எச்சரித்திருந்தார்கள். நாய் வைத்திருப்பவர்கள்கூட நாயை ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வீட்டுக்குள் இருந்த ஞாயிற்றுக்கிழமை. மொன்றியல் மலையின் மேல் நின்ற ஒரே மனிதர் விமலநாதன். மேல் தரிப்பிடத்தைப் பனி வழிக்கிறவர்கள் மறித்து வைத்திருந்ததால் காரைக் கீழே விட்டுவிட்டு, பிள்ளைகள் சறுக்கி விளையாடும் பிளாஸ்டிக் தட்டில் ரேடியோ, அன்டெனாக் கம்பு, வயர், மண்வெட்டி, தண்ணீர்ப் போத்தல்கள், தேத்தண்ணிப் போத்தல் எல்லாவற்றையும் கட்டி இழுத்துக்கொண்டு ஏறியிருந்தார்.

கையிலிருந்த மைக் கரகரத்தது. கோயில் மண்டபத்திலிருந்து மனைவி இந்திராதேவி.

"இஞ்சேருங்கோ, கேக்குதோ? கமிட்டி முழுக்க வந்திட்டினம். தலைவர் மணிக்கூட்டைப் பாக்கிறார். ஓவர்."

விமலநாதன் மைக்கின் பொத்தானை அமத்தினார். "கேக்குது. என்ர குரல் எப்பிடி? ஓவர்."

"அண்டாவுக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு. தலைவர் 'இதுக்கோ கூரை கேட்டவர்?' எண்டு கேக்கிறார். ஓவர்."

விமலநாதனிடம் ஹாம் ரேடியோ லைசென்ஸ் இருந்தது. நல்ல ரேடியோ இருந்தது. அன்டெனா வைக்கத்தான் இடம் இல்லை. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அவர்கள் வாடகைக்கு இருந்த அபார்ட்மெண்டின் சொந்தக்காரர் பல்கனியில் எதையும் கட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். அறைக்குள் கட்டிய கம்பியில் இந்திராதேவி உடுப்புக் காயப்போட்டாள். உலகத்தோடு கதைப்பதற்கென்று வாங்கிய பெட்டி வருடக்கணக்காகப் பக்கத்து வீட்டு மைக்ரோவேவ் இரைவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஆனால் கோயிலுக்குக் கூரை இருந்தது. தட்டையான, அகலமான, சும்மா கிடக்கிற கூரை.

கமிட்டித் தலைவர் நமச்சிவாயத்திடம் அவர் கேட்காத திருவிழா இல்லை. "ஐஸ் மழை பெஞ்சு கரண்டும் போனும் செத்த கிழமை ஞாபகம் இருக்கோ, தலைவர்? அப்பிடியான நேரத்திலை இது ஒண்டுதான் வேலை செய்யும். ஆபத்திலை ஆக்கள் கோயிலைக் கூப்பிடலாம்."

"கடவுளைக் கூப்பிடுற இடத்திலை உம்மட கம்பி எதுக்கு?" என்பார் தலைவர். ஒருமுறை இடி விழும் என்றார். ஒருமுறை கலசத்தைவிட உயரமாக ஒன்றும் இருக்கக்கூடாது என்றார். கடைசியில் அலுத்துப்போய், "சரி, ஒருநாள் செய்து காட்டும். அண்டைக்கே வாக்கெடுப்பம். சரிவராட்டி இந்தக் கதையை இனி எடுக்கக்கூடாது" என்றார்.

அந்த ஒருநாள் இன்று. விமலநாதன் சின்னதாக ஒரு நாடகமே எழுதி வைத்திருந்தார். மலையில் பனிக்குள் அகப்பட்டவராக அவர் உதவி கேட்பார், கோயில் மண்டபத்தில் வைத்த இன்னொரு ரேடியோவில் இந்திராதேவி பதில் சொல்வாள், கமிட்டி வியக்கும், கை தூக்கும். லைசென்ஸ் உள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் மற்றவர்கள் மைக்கைத் தொடலாம் என்பதால் அவளையும் சோதனை எழுத வைத்திருந்தார். அவள் அவரைவிடக் கூடுதலாகப் புள்ளி எடுத்தாள். வீட்டில் அந்தக் கதையை எடுப்பதில்லை.

கம்பு நின்றால் எல்லாம் நடக்கும். ஆனால் இந்தக் குளிரில் பனி மாவாகக் கிடந்தது. பிடிக்கவில்லை. கீழே நிலமோ பாறை.

விமலநாதனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை. இந்த நகரத்தின் நடைபாதைகளுக்கு இருபது வருடமாகக் கொங்கிறீட் கொட்டுகிறவர். பனியில் குழி தோண்டினார். கம்பை இறக்கினார். குடிக்கக் கொண்டுவந்த இரண்டு பெரிய போத்தல் தண்ணீரையும் உள்ளே ஊற்றினார். இருபத்தேழு பாகைக் குளிரில் தண்ணீரைவிடக் கெதியாக இறுகும் கொங்கிறீட் உலகத்தில் கிடையாது. இறுகும்வரை கம்பு அசையக்கூடாது. வலது சப்பாத்தைக் கம்பின் அடியோடு சேர்த்து முண்டு கொடுத்து, மண்வெட்டியை எட்டக் குத்தி, அதற்கு ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"இப்ப எப்பிடி? ஓவர்."

"ஐயோ, பக்கத்திலை நிண்டு கதைக்கிற மாதிரிக் கிடக்கு! தலைவர் திடுக்கிட்டுப் போனார். துவங்குங்கோ. ஓவர்."

விமலநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு துவங்கினார்.

"கோயில், கோயில், இது விமலநாதன். மலையிலை நிக்கிறன். பனிக்குள்ளை மாட்டுப்பட்டிட்டன். கால் அசைக்க ஏலாமல் கிடக்கு. போனும் வேலை செய்யேல்லை. உடனே உதவி வேணும். ஓவர்."

"விமலநாதன், இது கோயில். உங்கட செய்தி கிடைச்சுது. பயப்பிடாதேங்கோ. ஆக்களை அனுப்புறம். ஓவர்."

மண்டபத்தில் எழுந்த கைதட்டல் மலைமேல் கேட்டது. விமலநாதனின் நெஞ்சு நிமிர்ந்தது. கூரை கைக்கு வந்துவிட்டது. ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கலாம் என்று சறுக்குத் தட்டை நோக்கித் திரும்பினார்.

கால் திரும்பவில்லை.

குனிந்து பார்த்தார். கம்பு அருமையாக இறுகியிருந்தது. அதோடு சேர்ந்து வலது சப்பாத்தும் கணுக்கால்வரை அருமையாக இறுகியிருந்தது. லேஸின் முடிச்சு இருந்த இடத்தில் கண்ணாடிக்கட்டி போல ஐஸ். காலை மட்டும் உருவி எடுக்கலாம் என்றால் முடிச்சை அவிழ்க்கவேண்டும். அவிழ்த்தாலும் காலுறையோடு கார்வரை நடந்தால் காரில் ஏறுவது எத்தனை விரல் என்று தெரியாது.

போனை எடுத்தார். குளிரில் அதுவும் செத்துப்போயிருந்தது.

மைக்கை அமத்தினார். "இந்திரா, இஞ்சேரும். உண்மையாவே கால் இறுகிப்போச்சு. கழட்ட ஏலாமல் கிடக்கு. ஓவர்."

மண்டபத்தில் பெரிய சிரிப்பு.

"நல்லா நடிக்கிறியள். ஆனா அந்தக் காட்சி முடிஞ்சுது. திருப்பித் திருப்பிச் சொல்லாதேங்கோ. ஓவர்."

"நடிப்பில்லை! சத்தியமா! ஓவர்!"

இப்போது வேறொரு குரல். கமிட்டிக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுக்கும் சென்னைப் பையன் கிருஷ்ணகுமார். "அங்கிள், வேற லெவல்! வாட்ஸ்அப்ல லொகேஷன் மட்டும் போடுங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன். ஓவர்!"

"தம்பி, போன் செத்துப்போச்சு! ஓவர்!"

"பாத்தீங்களா தலைவரே, அதையும் கதையில வச்சிருக்காரு!"

மீண்டும் கைதட்டல்.

விமலநாதன் பல்லைக் கடித்தார். பிறகு, வாழ்க்கையில் பழக்கமில்லாத ஒரு வேலையைச் செய்தார். "இந்திரா, தயவுசெய்து. பிளீஸ். ஆரையாவது அனுப்பும். ஓவர்."

"இஞ்சேருங்கோ..." என்று இந்திராதேவியின் குரல் வேறு மாதிரித் துவங்கியது. அதற்குள் மைக்கை யாரோ பறிக்கும் சத்தம். தொண்டை கனைப்பு. விமலநாதனுக்கு அந்தக் கனைப்பைத் தெரியும்.

"எல்லாம் வல்ல விநாயகப் பெருமானை வணங்கி," என்றார் தலைவர் நமச்சிவாயம், "இந்தக் கொடும் குளிரையும் பொருட்படுத்தாது இங்கே கூடியிருக்கும் அன்பர்களே, மலையின் உச்சியிலே நின்று எம்மைப் பெருமைப்படுத்திக்கொண்டிருக்கும் அன்பர் விமலநாதன் அவர்களே! நான் அதிக நேரம் எடுக்கமாட்டேன்."

அந்த வசனத்துக்குப் பிறகு அவர் ஒருநாளும் கெதியாக இறங்கியதில்லை.

ரேடியோவில் ஒருவர் பொத்தானை அமத்தியிருக்கும்வரை மற்றவர் கத்தினாலும் கேட்காது. கதைத்து முடிந்ததும் பொத்தானை விடவேண்டும். இதை விமலநாதன் கமிட்டிக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தலைவருக்கு முதல் பாதி மட்டும் மனதில் நின்றிருந்தது.

"பொத்தானை விடுங்கோ, தலைவர்!" என்று மலையில் கத்தினார் விமலநாதன். மலை கேட்டது.

தலைவர் மொன்றியலுக்குத் தமிழர் வந்த வரலாற்றில் இருந்தார்.

தேத்தண்ணிப் போத்தல் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. இஞ்சி போட்ட, கொதிக்கக் கொதிக்க ஊற்றி வந்த தேத்தண்ணி. குடிப்பதா, ஊற்றுவதா? கொங்கிறீட்காரன் மூளை ஊற்று என்றது. சப்பாத்தைச் சுற்றி ஊற்றினார். ஆவி பறந்தது. ஐஸ் இளகியது. இடது காலைப் பக்கத்தில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, வலது காலை இழுத்தார். கொஞ்சம் அசைந்தது. இன்னும் இழுத்தார். மூச்சு வாங்கியது. நின்று இளைப்பாறினார்.

அந்த இளைப்பாறலுக்குள் தேத்தண்ணி இறுகிவிட்டது. இப்போது இரண்டு கால்களும் உள்ளே.

"...எனது உரையை இத்துடன் முடித்து," என்றார் தலைவர்.

"முருகா!" என்றார் விமலநாதன்.

"அடுத்ததாக வாழ்த்துரை வழங்க எமது முன்னாள் பொருளாளரை அழைக்கிறேன். இந்தாரும், பிடியும். கையை எடுக்காமல் அமத்திப் பிடியும். எடுத்தா மைக் செத்துப்போகும். எனக்கு விட்டு விட்டுப் பாத்துத் தெரியும்."

பின்னாலிருந்து இந்திராதேவி கத்துவது கேட்டது. "தலைவர், கையை எடுக்கச் சொல்லுங்கோ! அவர் ஏதோ சொல்லோணும்!"

"பிள்ளை, அவர் வீட்டை வந்து ஆறுதலாச் சொல்லட்டும். இது நிகழ்ச்சி நிரலிலை இருக்கு."

விமலநாதன் நிலைமையைப் பார்த்தார். ஒரு வழி இருந்தது. கம்பைப் பிடித்து முன்னும் பின்னும் பலமாக ஆட்டினால் ஐஸ் கட்டி பிளக்கும். கால் வரும். ஆனால் கம்பு முறியும். கம்பு முறிந்தால் இணைப்புப் போகும். வாக்கெடுப்பு நடக்கும் நேரத்தில் மண்டபத்தில் ரேடியோ செத்துக் கிடந்தால் தலைவர் என்ன சொல்வார் என்று தெரியும். 'பாத்தியளே, ஆபத்துக்கு உதவாத சாமான்.'

கம்பில் கை வைத்தார். எடுத்தார். பிறகு ஜக்கெட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். ஜனவரியில் அத்திவாரம் தோண்டியவனுக்கு இது என்ன குளிர்? காலுக்குள் தடித்த இரட்டைக் காலுறை. வாழ்த்துரை முடியும். நன்றியுரை முடியும். வாக்கெடுப்பார்கள். பிறகு முறிப்பம். தூரத்தில் இருந்து பார்த்தால் மலைக்குக் காவல் வைத்த பொம்மை போலத்தான் இருந்திருப்பார்.

வாழ்த்துரைக்காரர் தன் மகளின் பட்டமளிப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது மண்டபத்தில் சலசலப்பு. கதவு திறக்கும் சத்தம். ஒரு ஆண் குரல், கோபமாக, பிரெஞ்சில்.

"போன்ஜூர்! இங்கே யார் இவ்வளவு நேரமும் பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது?"

பொத்தான் இன்னும் அமத்தியே இருந்தது. நடப்பதெல்லாம் மலைக்கு வந்துகொண்டிருந்தது.

"ஆர் இந்த வெள்ளைக்காரன்?"

"கையிலை மீன் முள்ளு மாதிரி ஒரு கம்பி வைச்சிருக்கிறான். அதை எங்களைப் பாத்து நீட்டுறான்!"

"தலைவர், இது ரேடியோ ஒப்பீஸ் ஆள்! கவர்மெண்ட்! சத்தம் வாற திசையைப் பிடிச்சு வந்திட்டான்!"

விமலநாதனுக்குக் குளிர் முதன்முதலாக உறைத்தது. பொது அலைவரிசையை ஒரேயடியாக அடைத்து வைப்பது பெரிய குற்றம். மைக்கைப் பிடித்தவர்கள் தப்பிவிடுவார்கள். லைசென்ஸ் இருப்பவன்தான் மாட்டுவான். கூரை இருக்கட்டும், இனி ரேடியோவே இராது.

"பயப்பிடாதேங்கோ," என்று தலைவரின் குரல், நடுங்கியபடி. "பொன்னாடை எடு. பெரியதை எடு, சரிகை போட்டதை. ஐயரைக் கூப்பிடு. மாலையும் கொண்டு வா. போன்ஜூர் மிசியே, போன்ஜூர்! இருங்கோ, இருங்கோ! கிருஷ்ணகுமார், கதிரை போடு! வடை சூடா இருக்கோ?"

"மிசியே, நான் வந்தது..."

"மெர்சி, மெர்சி! குனியுங்கோ. மாலை போடோணும்."

கைதட்டல். நாதஸ்வரம் இல்லாத குறை ஒன்றுதான்.

"எங்களுக்கும் இந்தப் பெட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை எண்டு சொல்லு, பிள்ளை," என்று தலைவர் இந்திராதேவியிடம் கெஞ்சினார். "உமக்குத்தான் பிரெஞ்சு வடிவா வரும், கார்டெறியிலை சின்னப் பிள்ளையளைப் பாக்கிற வேலை செய்யிறனீர். எல்லாம் விமலநாதன்ர வேலை, ஆள் மலையிலை நிக்கிறார், அங்க போய்ப் பிடிக்கச் சொல்லு!"

"தலைவர்! அவர் என்ர மனுசன்!"

"அது எங்களுக்கும் கவலைதான். டேய், ஆரப்பா அங்க? வயரைக் கழட்டு! பெட்டியை மேசைக்குக் கீழ ஒளி!"

டக்.

அமைதி. விமலநாதன் பொத்தானை அமத்திக் கூப்பிட்டார். ஒன்றும் வரவில்லை. மலையும் அவரும்.

இனிக் கம்பைக் காப்பாற்றி ஆவதற்கு ஒன்றுமில்லை. வெறியோடு பிடித்து ஆட்டினார். அவருடைய வேலை சுத்தமான வேலை. விட்டு விட்டு அரை மணி நேரம் ஆட்டியும் கம்பு அசையவே இல்லை. இருபது வருட அனுபவத்தைத் தன் வாயாலேயே திட்டினார், பிரெஞ்சில். கொங்கிறீட் தளத்தில் அவர் படித்த பிரெஞ்சு அநேகமாக அது மட்டும்தான்.

"டபர்நாக்! டபர்நாக்!"

"நான் சொல்லவேண்டியதை நீ சொல்கிறாய்," என்றது பின்னால் ஒரு குரல்.

கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். சிவப்புக் குளிர் ஜக்கெட் போட்ட, தாடி வைத்த ஒரு மனிதர். ஜக்கெட்டுக்கு மேலே சரிகைப் பொன்னாடை. கழுத்தில் மாலை. நெற்றியில் விபூதி, நடுவில் சந்தனப் பொட்டு. ஒரு கையில் மீன் முள்ளுக் கம்பி. மறு கையில் கார்க் கண்ணாடி கழுவுகிற நீலத் தண்ணீர்க் கலன். வாயில் வடை.

"றெஜான்," என்றார் வந்தவர், வடையை விழுங்கிக்கொண்டு. "நகராதே."

"நகர ஏலுமெண்டால்..." என்று துவங்கிய விமலநாதன் பிரெஞ்சுக்கு மாறினார். திட்டில்லாத பிரெஞ்சு அவருக்குத் தட்டித் தடவித்தான் வந்தது. "ஐயா, என் லைசென்ஸை எடுக்காதீர்கள். பொத்தானைப் பிடித்தது நானல்ல. நான் விடச் சொன்னேன். கத்தினேன். மலைக்குத் தெரியும்."

றெஜான் முழந்தாளிட்டு நீலத் தண்ணீரை ஐஸில் ஊற்றினார். இந்த ஊரில் எந்தக் குளிருக்கும் உறையாத தண்ணீர் அது ஒன்றுதான். பிறகு மீன் முள்ளுக் கம்பியைக் கவனமாகச் சறுக்குத் தட்டில் வைத்துவிட்டு, கார்க் கண்ணாடி சுரண்டியால் கொத்தத் துவங்கினார். நிறுத்திவிட்டு மூக்கைச் சுருக்கினார்.

"இதில் இஞ்சி மணக்கிறது."

"அது இரண்டாவது ஊற்று," என்றார் விமலநாதன்.

"உன் மனைவி வாசலில் ஓடிவந்து சொன்னாள். நீ 'பிளீஸ்' என்று சொன்னாயாம். கல்யாணம் கட்டிய நாள்முதல் கேட்காத சொல்லாம், அதனால் நிச்சயம் சாகக் கிடக்கிறான் என்றாள். அவளும் கீழே காரில்தான் இருக்கிறாள். ஏறிவந்தால் உன்னை அடித்துவிடுவாளாம்."

இடது கால் வந்தது. சிறிது கொத்தலுக்குப் பிறகு வலது காலும் வந்தது. விமலநாதன் சறுக்குத் தட்டில் தொப்பென்று இருந்தார். விரல்களை அசைத்துப் பார்த்தார். எல்லாம் வேலை செய்தன. றெஜான் பையிலிருந்து ஒரு வடையை எடுத்து நீட்டினார். இன்னும் இளம்சூடு.

விமலநாதன் கடித்தார். மென்றார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"கூரை?"

"அதுவா? உங்கள் தலைவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். மண்டபத்துக்குள்ளே வைத்துக் கதைப்பதால்தான் இந்தப் பிரச்சினை எல்லாம், இந்தக் கிழமைக்குள் கூரையில் உயரமாக அன்டெனா போட்டாகவேண்டும் என்று. எல்லாரும் உடனே கை தூக்கினார்கள். ஒருவர் இரண்டு கையையும் தூக்கினார்."

விமலநாதன் எழுந்து நின்றார். மொன்றியல் முழுதும் கீழே வெள்ளையாகக் கிடந்தது. அதில் கோயில் கூரை எது என்று கண் தேடியது. கிடைத்தது. எவ்வளவு காலக் கெஞ்சல்! இந்த மனிதன் ஒரே பேச்சில் முடித்துவிட்டான். அதிகாரம் என்றால் இதுதான். கண் கலங்கியது. கலங்கியது இமையில் ஒட்டி உறைந்தது.

"ஐயா, உங்களைப் போல இன்ஸ்பெக்டரை நான் கண்டதில்லை. என் அன்டெனாவை ஒழுங்காக, சட்டப்படி நடுவேன். வந்து சோதித்துப் பாருங்கள்."

"இரண்டு என்று சொல்லியிருக்கிறேன்," என்றார் றெஜான், மாலையைச் சரிசெய்தபடி.

"இரண்டா? எதற்கு ஐயா இரண்டு?"

றெஜான் மீன் முள்ளுக் கம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு இறக்கத்தில் நடக்கத் துவங்கினார்.

"நான் இன்ஸ்பெக்டரும் இல்லை, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லை, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், என் அபார்ட்மெண்டிலும் அன்டெனா போட விடமாட்டார்களே!"